மாசி மாதப் பறவை நடை: கரிக்கிலி, வேடந்தாங்கல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கரிக்கிலி, வேடந்தாங்கல் ஆகிய இரண்டு ஏரிகளுக்கும் குழுவாகச் சென்று பறவைகளைப் பார்த்து வருவது எங்கள் வழக்கம். வர விரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்பதால், அவற்றுக்கான பதில்களைச் சற்று விரிவாகவே இங்கு எழுதி வைத்திருக்கிறோம்.

பறவை பார்ப்பதற்கு டிசம்பர், ஜனவரிதானே ஏற்ற காலம்? ஏன் மார்ச் மாதத்தில் போகிறீர்கள்?

பறவைகளின் எண்ணிக்கையை மட்டும் கருதினால் நீங்கள் சொல்வது சரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிரம்பியிருக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் கூட்டம் மிகுதி. பறவைகளின் கூட்டமும், அவற்றைப் பார்க்க வரும் மனிதர்களின் கூட்டமும். ஆனால் மாசியின் பிற்பாதியில் மட்டுமே காணக்கூடிய ஒன்று உண்டு. ஒரே ஏரியில் ஒரு சாரார் வளர்ந்த குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருக்க, மற்றொரு சாரார் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள். வீட்டின் ஓர் அறையில் தொட்டிலும் மறு அறையில் கட்டிவைத்த பயணப் பெட்டியும் இருப்பதைப் போன்ற நாட்கள் அவை. அந்த இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பதற்காகவே இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

நம் ஊரில் வசந்த காலம் என்று ஒன்று இருக்கிறதா?

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தபோது மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்தார்கள். ஆகவே நம் நடை பின்பனியின் நடுவில், இளவேனிலுக்குச் சற்று முன்னதாக அமைகிறது. விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்லில் பனி நனைத்திருக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். குளிர் நாடுகளில் பனி உருகுவதும் மரம் துளிர்ப்பதும் வசந்தத்தின் அடையாளங்கள் என்றால், இங்கு அடையாளங்கள் வேறு. இலைகளை உதிர்த்துவிட்ட இலவ மரத்திலும் கல்யாண முருங்கையிலும் சிவப்புப் பூக்கள் நிறைந்து, அவற்றில் மைனாக்களும் கரிச்சான்களும் தேனுக்காக மொய்க்கும். பல மாதங்களாக வாய் திறவாமலிருந்த குயில் ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகத் தொடங்கும். செம்மார்புக் குக்குறுவான் செம்பு தட்டுகிறவரைப் போல இடைவிடாமல் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும். காதைத் தீட்டிக்கொண்டு வந்தால் பருவம் மாறுவதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

வேடந்தாங்கலுக்கு வருபவை எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் வெளிநாட்டுப் பறவைகள்தானே?

இல்லை. எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

வேடந்தாங்கலில் மரம் மரமாகக் கூடு கட்டியிருக்கும் பெரிய பறவைகளான கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு வகைகள் ஆகியவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே வாழ்பவை. மழையையும் தண்ணீரையும் மீனையும் தேடி ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும். எங்கு ஏரி நிரம்பி, நீருக்குள் மரங்கள் நிற்கின்றனவோ அங்கு குடும்பம் நடத்தும். இங்குள்ள புள்ளி அலகுக் கூழைக்கடா தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மட்டுமே வாழ்கிற பறவை. ஆஸ்திரேலியாவிலிருக்கும் கூழைக்கடா வேறோர் இனம். நம் பறவையை நாமே அயலூர் விருந்தாளி என்று சொல்லிவிட்டால், அதன் கூட்டையும் ஏரியையும் காக்கும் பொறுப்பும் வேறு யாருடையதோ என்று எண்ணத் தோன்றிவிடும். அதனால்தான் இந்தத் திருத்தத்தை வலியுறுத்துகிறோம்.

உண்மையாகவே நெடுந்தொலைவிலிருந்து வலசை வருபவை பெரும்பாலும் உருவத்தில் சிறியவை, எளிதில் கண்ணுக்குப் படாதவை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகளும், பொரி உள்ளான் முதலிய உள்ளான் வகைகளும், மஞ்சள் வாலாட்டியும், தகைவிலானும், பழுப்புக் கீச்சானும், சேற்றுப் பூனைப்பருந்தும் அந்த வகையைச் சேர்ந்தவை. இந்தியாவில் காலில் வளையமிட்டு விடப்பட்ட நீலச்சிறகிகள் சைபீரியாவில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய கையளவே உள்ள பொரி உள்ளான் இமயத்துக்கும் அப்பால், வட ஆசியாவின் ஊசியிலைக் காடுகளுக்கிடையே உள்ள சதுப்புகளில் முட்டையிடுகிறது. இவை எவையும் இங்கு கூடு கட்டுவதில்லை. உண்பதற்கும் ஓய்வெடுப்பதற்குமே வருகின்றன.

புறப்படப் போகிற பறவை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்காகவே முதலில் கரிக்கிலிக்குப் போகிறோம். கரிக்கிலி ஏரி ஆழம் குறைந்தது. வாத்துகளும் உள்ளான்களும் வேடந்தாங்கலைவிட அங்கு மிகுதியாக இறங்கும். கரையில் அமைதியாக நின்று நீலச்சிறகிக் கூட்டம் ஒன்றைப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் அவை வந்து சேர்ந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு தெரிந்திருக்காது. எல்லாம் பழுப்பு நிறத்தில் இருந்திருக்கும். மற்ற பல வாத்துகள் முன்பனிக் காலத்துக்குள்ளேயே புது இறகு பூண்டுவிட, நீலச்சிறகி ஆண் மட்டும் மிகத் தாமதமாக, ஏறக்குறைய மாசியில்தான் அந்த வேலையை முடிக்கிறது. கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரி வரை வளைந்து இறங்கும் வெள்ளைப் பிறைக்கோடு அப்போதுதான் துலங்கும். சென்ற ஆண்டு நாங்கள் கண்ட ஓர் ஆணுக்கு ஒரு பக்கம் பிறைக்கோடு முழுமையாக இருந்தது; மறுபக்கம் பழைய பழுப்பு இறகுகள் இன்னும் உதிராமல் நடுநடுவே ஒட்டிக்கொண்டிருந்தன. பாதி உடுத்திக்கொண்ட மாப்பிள்ளை போல அது தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இருபது நிமிடம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினாற்போன்ற வறண்ட கொறகொறப்பு ஒன்றையும் அப்போது அது எழுப்பியது.

நிறம் மாறுவதைத் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. உள்ளான்கள் தலை நிமிராமல் சேற்றில் அலகைக் குத்தி இரை தேடிக்கொண்டே இருக்கும். நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேர்க்கும் வேலை அது. கரையோர ஆலமரத்திலோ அரசமரத்திலோ திரளும் சூறைக்குருவிகளின் மங்கிய உடல் இளஞ்சிவப்பாகத் தெளியத் தொடங்கியிருக்கும். நாணலுக்குள் குளிர்காலம் முழுவதும் ஒற்றை ஒலியால் மட்டும் தன்னை அறிவித்துக்கொண்டிருந்த கதிர்க்குருவி, இங்கு அது துணை தேடப் போவதில்லை என்றாலும், மெல்லிய குரலில் பாட்டுப் பழகத் தொடங்கிவிடும்.

வெயில் சுடுவதால்தான் அவை வடக்கே ஓடிவிடுகின்றனவா?

வெயில் முதன்மையான காரணம் அல்ல. பகற்பொழுது நீள்வதை அவற்றின் உடல் உணர்ந்துகொள்கிறது. அதைத் தொடர்ந்து சுரப்புகள் மாறி, பசி பெருகி, இரவுகளில் ஓர் அமைதியின்மை உண்டாகிறது. வடக்கில் கோடைக்காலப் பகல் மிக நீண்டது. பனி உருகிய சதுப்புகளில் பூச்சிகள் பெருகும். குஞ்சுகளுக்கு இரை தேடப் பெற்றோருக்கு நெடுநேரம் வெளிச்சம் இருக்கும். அந்தக் குறுகிய கோடைக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்த்துவிட வேண்டும் என்பதால், இங்கு வெயில் கடுமையாவதற்கு முன்பே பங்குனி, சித்திரையில் பெரும்பாலானவை போய்விடுகின்றன.

வேடந்தாங்கலில் அப்போது குஞ்சுகளைப் பார்க்க முடியுமா?

அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தால் கட்டாயம் பார்க்கலாம். ஏரி நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் அடுக்கடுக்காகக் கூடுகள் இருக்கும். மஞ்சள்மூக்கு நாரையின் குஞ்சு பெற்றோரைப் போல வண்ணமயமாக இருக்காது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், தாயின் உயரத்தை எட்டிப்பிடித்த பிறகும் கூட்டிலேயே நின்றுகொண்டு இரை கேட்டு ஓயாமல் கத்தும். வளர்ந்த நாரைக்கோ குரல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அலகுகளைத் தட்டியே பேசிக்கொள்ளும். ஒன்பது மணி வெயில் கூட்டின் மேல் விழும்போது தாயோ தந்தையோ சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, இரு சிறகுகளையும் குடைபோல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுப்பதைப் பார்க்கலாம். இந்தக் காட்சியைத் தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் எதுவும் பேசாமல் தொலைநோக்கியை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நத்தைக்குத்தி நாரையையும் கவனியுங்கள். அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் தோன்றும். ஆகவே கூட்டில் நேரான அலகோடு நிற்கும் பறவையைக் கண்டு வேறு இனம் என்று எண்ணிவிட வேண்டாம். வயலிலும் ஏரியோரத்திலும் பெரிய நத்தையைப் பிடித்து, அலகின் நுனியை உள்ளே செலுத்தித் தசையை அறுத்து, ஓட்டை நொறுக்காமல் சதையை மட்டும் உருவி எடுக்கும். அது உண்டு முடித்த இடத்தில் வெற்று ஓடுகள் கிடக்கும். வரப்பில் நடக்கும்போது காட்டுகிறோம்.

இவ்வளவு பறவைகள் இந்த ஒரு சிற்றூரைத் தேடி வருவதற்கு என்ன காரணம்?

ஏரி பெரியது அன்று. சுமார் 30 ஹெக்டேர்தான். தாங்கல் என்ற சொல்லே பாசனத்துக்கான சிறிய ஏரியைக் குறிப்பது. நீருக்குள் நிற்கும் மரங்கள் கூட்டுக்குப் பாதுகாப்பு. சுற்றிலுமுள்ள ஏரிகளும் நெல்வயல்களும் இரைக்கு இடம். ஆனால் அப்படிப்பட்ட ஏரிகள் தொண்டை மண்டலம் முழுவதும் இருந்தன. வேடந்தாங்கலை வேறுபடுத்துவது அந்த ஊர் மக்கள்தான். ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்கள் வற்புறுத்தியதன் பேரில், 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஊர் மக்களின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு முன்னதாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்பது விளங்கும். 2022-இல் வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டுமே ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

உழவர்களுக்கு இதில் பயனும் இருந்தது. கூடுகளிலிருந்து எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கலக்கின்றன. மதகு திறந்தால் அந்தத் தண்ணீர் நேரே வயலுக்குப் போகிறது. இருந்தாலும் எருவுக்காக மட்டும்தான் காத்தார்கள் என்று சொல்லிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் தங்கள் பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லுகிற ஊர் அது. உரக்கணக்குப் பார்த்து மட்டும் அப்படி நடந்துகொள்ள முடியாது.

எப்படி வந்து சேர்வது? எத்தனை மணிக்குத் தொடங்கும்?

தாம்பரத்திலிருந்து வேன் காலை 4.45-க்குப் புறப்படும். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் 6.15-க்குள் கரிக்கிலி வந்துவிட வேண்டும். மார்ச் தொடக்கத்தில் ஆறரை மணிக்குச் சற்று முன்பாகச் சூரியன் உதிக்கும். வாத்துகள் சுறுசுறுப்பாக மேய்வது அதற்கு அடுத்த ஒன்றரை மணி நேரம்தான். பிந்தி வருகிறவர்களுக்காகக் குழு காத்திருக்காது; அவர்கள் நேராக வேடந்தாங்கலுக்கு வந்து ஒன்பது மணிக்கு எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். பதினொரு மணிக்குள் முடித்துவிடுவோம். நுழைவுச்சீட்டை அங்கேயே அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

என்னிடம் தொலைநோக்கி இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. குழுவிடம் ஐந்து தொலைநோக்கிகள் இருக்கின்றன. மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிற்பாடு வாங்க நினைத்தால் 8×42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்புறக் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். மடங்கு கூடக்கூடக் கையின் நடுக்கமும் அதே அளவில் பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பும் குறுகும். அதனால் புதியவர்களுக்குப் பத்தைவிட எட்டே நல்லது.

தொலைநோக்கியில் எதுவுமே தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தம் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளாதவர்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் தொலைவிலுள்ள ஒரு கிளையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டியதில்லை. எந்தத் தொலைவுக்கும் நடுச்சக்கரமே போதும். பறவையைக் கண்டதும் தலையைக் குனிந்து கருவியைத் தேடாமல், பார்வையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு தொலைநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள்.

எப்படிப்பட்ட உடை? சாப்பாடு?

மண், இலை, காய்ந்த புல் ஆகியவற்றின் நிறங்களில் உடுத்துங்கள். பளீரென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். முழுக்கை சட்டை, தொப்பி, பிடிப்புள்ள காலணி ஆகியவை தேவை. ஒரு லிட்டர் தண்ணீரும், இட்லியோ சப்பாத்தியோ கையில் எடுத்து வாருங்கள். நெகிழிப் பையோ உறையோ ஏரிக்கரையில் விடப்படக்கூடாது. கழிப்பறை வேடந்தாங்கலில்தான் உண்டு. கரிக்கிலிக் கரையில் இருக்கும் இரண்டு மணி நேரத்தை மனத்தில் வைத்து, வழியில் நெடுஞ்சாலை உணவகத்தில் வேனை நிறுத்துகிறோம். பெண்கள் இதைக் கேட்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறோம் என்பதால் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்து வரலாம். நடக்கும் தூரம் மொத்தமாக மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும் என்பதால் பெரியவர்களுக்கும் சிரமம் இல்லை. குழந்தைகளிடம் நாற்பது பெயர்களைத் திணிக்காதீர்கள். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து, அது பத்து நிமிடத்தில் என்னென்ன செய்தது என்று சொல்லச் சொல்லுங்கள். முக்குளிப்பான் எத்தனை முறை மூழ்கியது, ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் எழுந்தது என்று ஒரு சிறுமி விரல்விட்டு எண்ணிச் சொன்ன கணக்கை, அன்று எங்களில் வேறு யாராலும் சொல்ல முடியவில்லை.

பதினைந்து பேருக்கு மேல் ஏன் சேர்த்துக்கொள்வதில்லை? பேசவே கூடாதா?

ஒருமுறை முப்பத்தைந்து பேரை அழைத்துப் போனோம். எல்லோரும் ஆர்வத்தோடு வந்தவர்கள்தாம். கரை மேல் ஏறியதும் ஒருவர் மகிழ்ச்சி தாளாமல் கையை நீட்டிக் குரல் கொடுக்க, அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஒரே நேரத்தில் முன்னேற, ஏரி நடுவிலிருந்த ஊசிவால் வாத்துகள் அத்தனையும் எழுந்து இரண்டு சுற்றுச் சுற்றி அடுத்த ஏரிக்குப் போய்விட்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, கைதட்டியவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பறவைகள் இன்னும் சில வாரங்களில் கடக்க வேண்டிய வழிக்காகச் சேர்த்து வைத்திருந்த கொழுப்பில் ஒரு பங்கை நாங்கள் அன்று வீணாக்கினோம். அதை ஏற்பாடு செய்தவர்கள் என்ற முறையில் அந்தத் தவறு எங்களுடையது. அன்றிலிருந்து பதினைந்து பேர், முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி என்று வைத்துக்கொண்டோம்.

பேசலாம், தணிந்த குரலில். கையை நீட்டிக் காட்டுவதற்குப் பதிலாகக் கடிகார முள்ளை வைத்துச் சொல்லப் பழகுங்கள். எதிரே தெரியும் தனிப்பனை பன்னிரண்டு மணி என்றால், ‘இரண்டு மணித் திசையில், கருவேலத்தின் கீழ்க்கிளையில் வக்கா’ என்று சொன்னால் எல்லோரும் கண்டுகொள்வார்கள். பறவை தலையை நிமிர்த்தி நம்மையே பார்க்கத் தொடங்கினால் நாம் நிற்க வேண்டும். அது மீண்டும் இரை தேடத் தொடங்கிய பிறகுதான் அடுத்த அடி.

படம் எடுக்கலாமா? செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கலாமா?

கரையிலிருந்தும் காட்சிக் கோபுரத்திலிருந்தும் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. படத்துக்காகக் கல் எறிவது, கைதட்டிப் பறக்க விடுவது ஆகியவற்றைச் செய்கிறவர்களை அதன்பின் நாங்கள் அழைப்பதில்லை. குரலை ஒலிக்கவிடுவதையும் அனுமதிப்பதில்லை. தன் எல்லைக்குள் போட்டிக்காரன் புகுந்துவிட்டான் என்று எண்ணி ஆண் பறவை இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது; நமக்கு அது ஒரு நிமிடக் காட்சி, அதற்கு அது ஒரு சண்டைக்கான பதற்றம். மெர்லின் போன்ற செயலிகளைக் குரலைக் கேட்டு அடையாளம் காணப் பயன்படுத்துவதில் தடை இல்லை.

எனக்குக் காகமும் கிளியும் மட்டுமே தெரியும். எல்லாக் கொக்கும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

அப்படித்தான் எல்லோரும் தொடங்குகிறோம். வெள்ளைக் கொக்குகளையே எடுத்துக்கொள்வோம். அலகு எப்போதும் கறுப்பாக இருந்து, கறுத்த காலின் முடிவில் பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது சின்னக் கொக்கு; சேற்றிலிருந்து காலைத் தூக்கும் வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும். கழுத்து மிக நீண்டு வளைந்து, வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் செல்வது பெரிய கொக்கு. அந்தக் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் அது இடைத்தரக் கொக்கு. மாட்டின் காலடியில் பூச்சி பிடிக்கும், கழுத்துக் குட்டையான, மஞ்சள் அலகுள்ளது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது அதன் தலையிலும் கழுத்திலும் மஞ்சள் அரைத்துப் பூசியதைப் போன்ற நிறம் ஏறும். ஆக, நிறத்தை மட்டும் நம்பாமல் அலகு, கால், கழுத்து, நிற்கும் இடம், செய்யும் வேலை என்ற வரிசையில் பாருங்கள். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்து இடமும் வலமும் அசைத்துக்கொண்டு நடக்கும். மீன் பட்டவுடன் அலகு மூடிக்கொள்ளும். அந்த அசைவை ஒருமுறை பார்த்துவிட்டால், நிறம் தெரியாத எதிர்வெயிலிலும் அதை அடையாளம் சொல்லிவிடலாம்.

தமிழ்ப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறீர்களா?

ஆம், முதலில் தமிழ்ப் பெயர். தேவைப்பட்டால் பிறகு ஆங்கிலப் பெயர். நத்தைக்குத்தி, பாம்புத்தாரா, ஆள்காட்டி, கரண்டிவாயன் என்னும் பெயர்கள் அந்தப் பறவை என்ன செய்கிறது அல்லது எப்படி இருக்கிறது என்பதைத் தாமே சொல்லிவிடுகின்றன. உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாராவைப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் மறக்காது. ஊருக்கு ஊர் பெயர் மாறும். உங்கள் ஊரில் வேறு பெயர் வழங்கினால் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறோம்.

பறவைகளை எண்ணுவது எதற்காக?

ஒவ்வொரு நடையிலும் கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிகிறோம். ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரி நடுவில் உலகெங்கும் நான்கு நாட்கள் நடக்கும் கணக்கெடுப்பும் இதே தளத்தில்தான் சேர்கின்றன. ஆனால் மார்ச், ஏப்ரல் பதிவுகள் ஒப்பீட்டளவில் குறைவு. வாத்துகள் எந்த வாரத்தில் ஏரியை விட்டுச் சென்றன என்பதைத் தெரிந்துகொள்ள அந்த வாரங்களில் யாராவது கரையில் நின்றிருக்க வேண்டும். பெருங்கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அதையே கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எதையும் காணவில்லை என்றாலும் அதுவும் பதிவுதான்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைக் கண்டால், நிறத்தையும் எழுத்துகளையும் குறித்துக்கொண்டு எங்களிடம் தாருங்கள். நம் நாட்டில் நெடுங்காலமாக வளையமிடும் பணியைச் செய்துவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைப்போம்.

குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள், தூக்காதீர்கள், அருகில் நிற்காதீர்கள். வழிகாட்டியிடம் சொன்னால் வனத்துறைக் காவலருக்குத் தெரிவிப்போம். இறந்து கிடக்கும் பறவையையும் கையால் தொடக்கூடாது.

மழை பொய்த்த ஆண்டில் என்ன ஆகும்?

ஏரி நிரம்பாத ஆண்டில் கூடு கட்டுபவை வருவதில்லை, அல்லது சிலவே வந்து திரும்பிவிடுகின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் கூட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அவற்றுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆண்டிலும் நடையை நாங்கள் நிறுத்துவதில்லை. வறண்ட ஆண்டின் பட்டியலும் நிறைந்த ஆண்டின் பட்டியலும் அருகருகே இருந்தால்தான் அந்த ஏரிக்கு நீர் எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணிக்கையோடு எடுத்துச் சொல்ல முடியும்.

மார்ச் மாதம் வர இயலாவிட்டால் ஏப்ரலில் வரலாமா?

வரலாம், சித்திரை இரண்டாம் வாரத்தில் கரிக்கிலிக்கு மட்டும் ஒரு சிறு நடை உண்டு. நீலச்சிறகிகள் அப்போது பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் வற்றி வெடித்திருக்கும் ஏரிப் படுகையில் ஆள்காட்டி வெறுந்தரையிலேயே நான்கு முட்டைகள் இட்டிருக்கும். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே அன்றைக்குப் படுகைக்குள் யாரும் இறங்கக் கூடாது, கரை மேலேயே நடக்க வேண்டும்.